வாசல் செவ்வந்தி ஏன் பூக்க மாட்டேன் என்கிறது? வருடக் கடைசியில் பூக்கும் செடிகள் பற்றி ஒரு கேள்வி

மூலைவீட்டு அக்கா, பாடாங் செராய்

எல்லாருக்கும் வணக்கம். பசியாறிவிட்டு நிதானமாகப் படியுங்கள், கேள்வி கொஞ்சம் நீளம்.

முன்பு தோட்டத்து லயத்தில் இருந்தோம். இப்போது டவுனில் தாமான் குடியிருப்பில் வீடு. மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் பத்தடி அகலத்துக்கு நிலம் கிடைத்திருக்கிறது. நம் மலேசியாவில் தோட்டம் என்றால் ரப்பர்ப் பால்மரமும் எண்ணெய்ச் செம்பனையும்தானே, அதனால் நான் "தோட்டம் போடப் போகிறேன்" என்று சொன்னதும் என் மாமியார், "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டுச் சிரித்தார். பூச்செடி அம்மா, வெறும் பூச்செடி.

என் தங்கச்சி இங்கிலாந்தில் இருக்கிறாள். ஒவ்வொரு அக்டோபரும் அவள் வீட்டுப் பின்பக்கத்துப் படங்களை அனுப்பி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள். ஊதா நிறத்தில் ஆஸ்டர், செங்கல் நிறத்தில் தட்டு மாதிரி செடம், நீளக் காம்பில் ஆடுகிற ஜப்பானிய அனிமோனி. ஊரெல்லாம் இலை உதிர்கிற நேரத்தில் இவை மட்டும் பூத்து நிற்கின்றன. ஒரு தடவை நட்டால் போதுமாம், வருடா வருடம் தானாக வருமாம். இங்கே நான் வாடாமல்லி, கோழிக்கொண்டை என்று விதை போட்டு விதை போட்டு அலுத்துவிட்டேன். மூன்று மாதம் பூக்கும், காய்ந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு வேண்டியது தீபாவளியில் தொடங்கிப் பொங்கல், தைப்பூசம் வரைக்கும் பூக்கிற மாதிரி, வருடக்கணக்கில் நிற்கிற செடி. தங்கச்சி அடுத்த மாதம் வருகிறாள், ஆஸ்டர் வேரும் செடம் குச்சியும் பெட்டியில் வைத்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறாள். இந்த வெயிலில் அவை பிழைக்குமா?

இன்னொன்று. இப்போது என்னிடம் இருப்பது மஞ்சள் செவ்வந்தி, சீனப் பெருநாள் முடிந்து மலிவாக விற்றபோது வாங்கியது. அதிலிருந்து குச்சி ஒடித்து வாசல் கேட் ஓரம் நாலு, வீட்டுக்குப் பின்னால் சமையலறைப் பக்கம் மூன்று நட்டேன். வாசலில் இருப்பவை இடுப்பு உயரம் வளர்ந்து செழித்து நிற்கின்றன, ஒரு மொட்டு இல்லை. பின்னால் இருப்பவை ஒரு முழம்கூட வளரவில்லை, அதற்குள் ஆளுக்கு ஐந்தாறு பூ பூத்துவிட்டு அசதியாக நிற்கின்றன. ஒரே தாய்ச்செடி, ஒரே மண், ஒரே கோழி எரு. கண்ணூறு என்கிறார் மாமியார். வாசலில் இருப்பதைத்தானே எல்லாரும் பார்க்கிறார்கள், அதனால் அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

---

பழைய கிராணி, பீடோங்

கண்ணூறும் இல்லை ஒன்றும் இல்லை அம்மா. உரம் அதிகம். கோழி எருவில் தழைச்சத்து கூடுதல், அதைத் தின்றுவிட்டுச் செடி இலை இலையாகப் போடும், பூக்காது. எருவை நிறுத்துங்கள், பொட்டாஷ் ஒரு தேக்கரண்டி வேரைத் தொடாமல் சுற்றிப் போடுங்கள். மண் நம் பக்கத்துச் செம்மண் என்றால் புளிப்பு மண்ணாக இருக்கும், செம்பனைக்குப் போடுகிற சுண்ணாம்பு மாவில் ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள். முப்பது வருடம் உரக் கணக்கு எழுதிய கை இது.

வருடக் கடைசியில் பூக்கிற செடிக்கு இங்கிலாந்து வரைக்கும் போகவும் வேண்டாம். செம்பனைத் தோட்டத்துக்குள் லோரி போகிற ரோட்டோரம் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு பூ வரிசையாக நிற்குமே, பார்த்திருப்பீர்கள். டர்னேரா. மலாய்க்காரர்கள் பூங்ஙா புக்குல் லாப்பான் என்பார்கள், எட்டு மணிப் பூ. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டில் இறங்கும்போது மொட்டாக இருக்கும், எட்டு மணிவாக்கில் விரியும், நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். அதை அழகுக்காக யாரும் நடவில்லை. செம்பனை ஓலையைத் தின்கிற, கூட்டைச் சுமந்துகொண்டே திரிகிற புழு, உலாட் புங்குஸ், இருக்கிறதே, அதன் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்கிற சின்னக் குளவிகள் உண்டு. அந்தக் குளவிகளுக்குத் தேன் வேண்டும் என்பதற்காகத்தான் நடுகிறார்கள். கூடவே மஞ்சள் பூ பூக்கிற காசியா கொபானென்சிஸ், ரோஜா நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற ஆயேர் மாத்தா பெங்ஙாந்தின் கொடி. மூன்றும் வருடம் முழுக்கப் பூக்கும், மூன்றும் சாகாது. குச்சி ஒடித்துச் சொருகினால் போதும், ஒரு வெள்ளி செலவில்லை.

---

மூலைவீட்டு அக்கா, பாடாங் செராய்

ஐயா, நன்றி. எட்டு மணிப் பூ நட நான் தயார், ஆனால் நான் வேலைக்குப் போவது ஏழு மணி, வருவது மூன்று மணி. பூத்ததை நான் பார்க்கப்போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்!

உரத்தைப் பற்றிச் சொன்னது சரியாக இருக்கலாம், ஆனால் பின்னால் இருக்கிற மூன்றுக்கும் அதே எருவைத்தான் போட்டேன். அவை ஏன் பூத்தன?

---

ரிங்லெட் தம்பி, கேமரன் மலை

அக்கா, ஒரே ஒரு கேள்வி. உங்கள் கேட் ஓரம் தெருவிளக்கு இருக்கிறதா?

---

மூலைவீட்டு அக்கா, பாடாங் செராய்

இருக்கிறது தம்பி. கேட்டுக்கு நேர் மேலே. முன்பு மஞ்சளாக மங்கலாக எரிந்தது, இப்போது வெள்ளை எல்இடி மாற்றியிருக்கிறார்கள், ராத்திரி வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம். அதற்கும் செவ்வந்திக்கும் என்ன?

---

ரிங்லெட் தம்பி, கேமரன் மலை

எல்லாமே அதுதான் அக்கா. நான் இங்கே பூப்பண்ணையில் வேலை செய்கிறேன், எங்கள் பிழைப்பே செவ்வந்தியையும் பல்பையும் நம்பித்தான். ராத்திரியில் கேமரன் மலைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள், மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூடாரமெல்லாம் பளிச்சென்று எரியும். புதிதாக வருகிறவர்கள் திருட்டுக்குப் பயந்து லைட் போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். செவ்வந்தியைப் பூக்க விடாமல் வைத்திருக்கத்தான் அந்த லைட்.

விஷயம் இதுதான். செவ்வந்தி ராத்திரி எவ்வளவு நீளம் என்று பார்த்துத்தான் மொட்டு வைக்கும். ராத்திரி நீளமாக, இருட்டாக, நடுவில் வெளிச்சம் படாமல் இருந்தால் மொட்டு. நடு ராத்திரியில் சில மணி நேரம் வெளிச்சம் பட்டாலும் அதற்குப் "பகல் இன்னும் முடியவில்லை" என்று அர்த்தம், இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்று இரண்டு பேர் புகையிலையையும் சோயாவையும் வைத்துச் சோதித்து இந்தக் கணக்கை 1920-இல் எழுதினார்கள். அதற்கு முன்பு எல்லாரும் வெயில், உரம், குளிர் என்றுதான் அடித்துக்கொண்டிருந்தார்கள். கிராணி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்போது உங்கள் வாசலைப் பாருங்கள். சாயங்காலம் ஏழரைக்கு விளக்கு எரிகிறது, காலை ஏழு வரைக்கும் எரிகிறது. அந்தச் செடி நட்ட நாளிலிருந்து ராத்திரியையே பார்க்கவில்லை. பின்னால் இருக்கிற மூன்றின் கதை நேர் எதிர். நம் நாட்டில் வருடம் முழுக்கப் பகலும் ராத்திரியும் ஏறக்குறையச் சரிபாதி, உங்கள் கெடாவில்கூட ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் முக்கால் மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. பகல் பதின்மூன்றரை மணி நேரத்துக்குக் கீழே வந்தாலே செவ்வந்திக்குப் பூக்கும் காலம் என்று கணக்கு. ஆக, இங்கே அதற்கு எல்லா நாளும் பூக்கும் காலம். குச்சியில் வேர் பிடித்ததோ இல்லையோ மொட்டு வைத்துவிடும், உடம்பு வளர்வதற்கு முன்பே. சின்ன வயதில் கல்யாணம் பண்ணிக்கொடுத்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது அது.

அதனால் விளக்கைத் திட்டாதீர்கள் அக்கா, அதை வைத்தே வேலை வாங்கலாம். நாங்கள் கரண்டு பில் கட்டிச் செய்வதை உங்களுக்குத் தெருவிளக்கு இலவசமாகச் செய்கிறது.

இப்படிச் செய்யுங்கள். வாசல் செடியிலிருந்து பூக்காத நுனியாகப் பார்த்து விரல் நீளத்துக்குக் குச்சி எடுங்கள். கருகிய உமியும் மணலும் பாதிப் பாதி கலந்து அதில் சொருகுங்கள். கெடாக்காரர்களுக்கு உமியைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் வேர் விடும். பாலிபேக்கிலோ சட்டியிலோ மாற்றி, விளக்குக்குக் கீழேயே வையுங்கள். தரையில் நடாதீர்கள், பிறகு தூக்க வேண்டும். ஆறேழு இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வரும், அதையும் ஒரு தடவை கிள்ளுங்கள். தீபாவளி இந்த முறை நவம்பர் 8. மலையில் விளக்கை நிறுத்தி ஒன்பது வாரத்தில் நாங்கள் அறுப்போம். உங்கள் ஊர் ராத்திரிச் சூட்டுக்கு மொட்டு தாமதமாகும், பத்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஆகஸ்ட் 30 அன்று சட்டிகளைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் வைத்துவிட வேண்டும். கடைசிக் கிள்ளல் அதற்கு இரண்டு வாரம் முன்னால். பின்னால் கொண்டுபோன பிறகு சமையலறை லைட் அதன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மாவு ஆட்டுகிற வீடு என்றால் ஜன்னலுக்குத் திரை போடுங்கள்.

சின்னதாக இன்னும் இரண்டு விஷயம். சீனப் பெருநாளுக்கு விற்கிற சட்டிச் செவ்வந்திக்குக் குட்டையாக நிற்க மருந்து அடித்திருப்பார்கள், அதன் வேகம் போனதும் செடி நீள ஆரம்பிக்கும், உங்கள் வாசல் செடி இடுப்பு உயரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நிறம் எடுக்கும்போது மஞ்சளும் வெள்ளையும் எடுங்கள். ரோஜா, செம்பு நிறமெல்லாம் மலைக்குளிரில்தான் நிறம் பிடிக்கும், கீழே பூத்தால் துவைத்த புடவை மாதிரி வெளுத்துப் போகும்.

---

மூலைவீட்டு அக்கா, பாடாங் செராய்

தம்பி, படித்துவிட்டு டார்ச் எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டேன். கேட் தூணின் நிழல் விழுகிற இடத்தில் ஒரு கிளை இருக்கிறது, அந்தக் கிளையில் மட்டும் இரண்டு மொட்டு! இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தூண் கண்ணூறை மறைத்திருக்கிறது" என்றார்.

---

நாஸ்டால்ஜியா நந்து, கிள்ளான்

சாமந்தி நடுங்கள் அக்கா, ஐம்பதே நாளில் பூக்கும், விளக்குத் தொல்லையும் இல்லை. எங்கள் வீட்டில் ஆரஞ்சு நிறத்தில் பந்து பந்தாக.

---

பழைய கிராணி, பீடோங்

தம்பி நந்து, நீங்கள் சொல்வது துலுக்கச் சாமந்தி, ஒரு பருவச் செடி. அக்கா கேட்பது வருடக்கணக்கில் நிற்கிற செடி. செவ்வந்தியையும் சாமந்தி என்று சொல்கிற ஊர் இருக்கிறது, பூக்கடையில் இந்தக் குழப்பத்தில் மாலையே மாறிப்போன கதையெல்லாம் எனக்குத் தெரியும்.

விளக்குக் கணக்கு எனக்குப் புதிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கோழி எருவைக் குறையுங்கள்.

---

பனிக்காட்டுத் தங்கை, பர்மிங்காம்

நான் அந்தத் தங்கச்சி இல்லை, வேறு தங்கச்சி! பிறந்தது பீடோர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், லயத்து முற்றத்தில் செம்பருத்தியும் கனகாம்பரமும் பார்த்து வளர்ந்தவள். இங்கே வந்து பதினெட்டு வருடம். நீங்கள் சொன்ன மூன்று செடியும் என் வீட்டில் இருப்பதால் சொல்கிறேன், தயவுசெய்து அவற்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

முதல் காரணம் சட்டம். வேரோ குச்சியோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றால் அனுமதித்தாள் வேண்டும், மலேசியாவில் 1976-ஆம் வருடத்துச் செடித் தடுப்புச் சட்டம் இருக்கிறது, விமான நிலையத்தில் பிடித்தால் செடியும் போகும், நிம்மதியும் போகும். பால்மரத்துக்குத் தென் அமெரிக்காவில் ஓர் இலை நோய் இருக்கிறது, அது நம் பக்கம் வந்துவிடக் கூடாது என்று எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று தோட்டத்தில் வளர்ந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, வந்தாலும் பூக்காது. ரிங்லெட் தம்பி சொன்ன அதே கணக்கு, ஆனால் இன்னும் சிக்கலானது. ஆஸ்டர் இங்கே செப்டம்பர் கடைசியில் பூக்கும், செப்டம்பர் 29 மைக்கேல் தேவதூதர் திருநாள், அதனால் இவர்கள் அதை மைக்கேல்மஸ் டெய்சி என்கிறார்கள். மொட்டு வைக்கப் பகல் குறைய வேண்டும், சரி. ஆனால் அதற்கு முன்னால் நீண்ட பகலைப் பார்த்தால்தான் அது தண்டையே மேலே அனுப்பும். லண்டனில் ஜூனில் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. இந்த ஏற்ற இறக்கம்தான் அதற்குக் கடிகாரம். நம் ஊரில் வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் என்றால், கடிகாரத்தில் முள் நகரவே நகராது. தரையோடு தரையாக இலைக்கொத்தாக உட்கார்ந்துவிடும். செடம் அதைவிட மோசம், பூப்பது இலையுதிர் காலத்தில் என்றாலும் மொட்டுக்கு உத்தரவு வாங்குவது கோடையின் நீண்ட பகலில். போதாக்குறைக்கு அதன் இலையும் தண்டும் நீர் கட்டிய சதை, அக்டோபர் மழையில் ஒரு வாரம் நனைந்தால் அழுகிக் கூழாகிவிடும். ஜப்பானிய அனிமோனி பெயரளவில்தான் ஜப்பான், ராபர்ட் பார்ச்சூன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1840-களில் ஷாங்காய் கல்லறைகளுக்கு நடுவில் பார்த்து எடுத்துவந்த சீனாக்காரி. இங்கே ஒரு தடவை வேர் பிடித்தால் மண்ணுக்கடியில் ஓடி ஓடி, பிடுங்கப் பிடுங்க வரும், என் வீட்டில் சிமெண்டுக் கல் இடுக்கிலெல்லாம் முளைத்திருக்கிறது, லாலான் புல் மாதிரி. ஆனால் குளிர்கால ஓய்வு இல்லாவிட்டால் இவளும் இளைத்து இளைத்துப் போய்விடுவாள்.

அந்தப் படங்களைப் பார்த்து ஏங்குகிறீர்களே, அதற்கு அப்புறம் என்ன ஆகிறது என்று உங்கள் தங்கச்சி படம் அனுப்புகிறாளா? நவம்பரில் ஒரு ராத்திரி உறைபனி இறங்கும், காலையில் டேலியா எல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். ஆஸ்டர் இலையில் திருநீறு பூசின மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். செடத்தின் காய்ந்த தலையை மட்டும் பிப்ரவரி வரைக்கும் வெட்டாமல் விடுவேன், அதன் மேல் பனி உட்கார்ந்தால் பார்க்க நன்றாக இருக்கும். அதற்கப்புறம் ஏப்ரல் வரைக்கும் வெறும் சேறு.

ஆனால் ஒரு வித்தையை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கடைசியில் செல்சி பூக்கண்காட்சி நடக்கிற சமயத்தில் இவர்கள் ஆஸ்டர், செடம் தண்டையெல்லாம் மூன்றில் ஒரு பங்கு, சில பேர் பாதி, கத்தரித்துத் தள்ளிவிடுவார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும். செடி குட்டையாகப் புதர் கட்டும், மழைக்காற்றில் சாயாது, பூ சில வாரம் தள்ளிப் போகும். வரிசையில் பாதியை வெட்டி மீதியை விட்டுவிட்டால் ஒன்று முடியும்போது இன்னொன்று ஆரம்பிக்கும். இந்த வித்தை உங்கள் செவ்வந்திக்கும் செல்லும், உங்களுக்குத் தீபாவளியிலிருந்து தைப்பூசம் வரை வேண்டும் என்றால் இதைத்தான் செய்ய வேண்டும்.

---

ரிங்லெட் தம்பி, கேமரன் மலை

பர்மிங்காம் அக்கா சொன்னது சத்தியம். சட்டிகளை ஒரே நாளில் பின்னால் தூக்காதீர்கள். நாலு சட்டி ஆகஸ்ட் 30, நாலு செப்டம்பர் கடைசி, நாலு அக்டோபர் கடைசி. நாங்கள் பண்ணையில் கூடாரம் கூடாரமாக லைட்டை நிறுத்துவது இதற்குத்தான். கடைசி நாலும் பொங்கலுக்கு வந்துவிடும்.

மழையில் மேலிருந்து நனைய விடாதீர்கள், கூரை நீட்டியிருக்கிற இடமாகப் பாருங்கள். விரிந்த பூவில் தண்ணீர் தங்கினால் சாம்பல் பூஞ்சணம் பிடித்து ஒரே நாளில் பழுப்பாகிவிடும். தண்ணீரும் வேருக்கு மட்டும்.

---

ஆயாக்கொட்டாய் பாட்டி, சுங்கை சிப்புட்

என் பேத்தி தட்டித் தருகிறாள், நான் சொல்லச் சொல்ல.

ஏம்மா, இத்தனை பேர் இத்தனை கதை சொன்னீர்கள், டிசம்பர் பூ என்று ஒன்று இருப்பதை ஒருவரும் சொல்லவில்லையே. பெயரிலேயே மாதம் இருக்கிறது. எங்கள் அம்மா சேலம் பக்கத்திலிருந்து வந்தவர், மார்கழி மாதம் அந்தப் பூவைக் கட்டித் தலையில் வைக்காத பெண் ஊரில் இல்லை என்பார். மணம் கிடையாது, ஆனால் ஊதா நிறம் கண்ணைப் பறிக்கும். வெள்ளையும் உண்டு, வெள்ளையில் ரோஜாக் கோடு போட்டதும் உண்டு. நான் தோட்டத்தில் பிள்ளை பார்க்கும் ஆயாவாக இருந்தபோது கொட்டாய் வேலி முழுக்க இதுதான். நட்டது ஒரு தடவை, நான் வேலையை விட்டு நின்ற நாளிலும் அதே செடிகள் நின்றன.

ஆடியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடு. பாராங் கத்தியால் வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாது. வெட்டின குச்சியை அப்படியே மண்ணில் சொருகு, ஐப்பசி மழைக்குப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மொட்டு வரும், தை வரைக்கும் ஓயாது. பாதி வெயில், பாதி நிழல் போதும். உனக்குத் தெருவிளக்கு ஒளி இல்லாத பக்கமாகவே வை, அந்தத் தம்பி சொல்கிறதைக் கேட்டபோது இதுவும் அந்த ஜாதியோ என்று எனக்கு ஒரு சந்தேகம், எங்கள் கொட்டாயில் ராத்திரி விளக்கே கிடையாது.

இதையும் பட்டாசுக்காய்ச் செடியையும் குழப்பிக்கொள்ளாதே. அதுவும் ஊதாப் பூதான், ஆனால் அதன் காயை எச்சில் தொட்டு வைத்தால் படாரென்று வெடிக்கும். பிள்ளைகள் ஒருவர் சட்டைக்குள் ஒருவர் போட்டு விளையாடும், நான் பிரம்பு எடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. இலையுதிர் காலம் இலையுதிர் காலம் என்கிறீர்களே, நமக்கு அது இல்லை என்று யார் சொன்னது? தைப்பூசம் முடிந்து பால்மரக் காட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறாயா? இலையெல்லாம் செம்பும் மஞ்சளுமாகி, ஒரு காற்றடித்தால் மழை மாதிரி கொட்டும், நடந்தால் காலடியில் நொறுங்கும். பால் குறைந்துவிடும், கூலியும் குறையும், அதனால் யாரும் படம் எடுக்கவில்லை.

---

பழைய கிராணி, பீடோங்

பாட்டி, அந்த இரண்டு மாதக் கணக்குப் புத்தகத்தை நான் எழுதியிருக்கிறேன். நீங்கள் சொன்னது சரி.

---

பனிக்காட்டுத் தங்கை, பர்மிங்காம்

பாட்டி, அந்தச் சருகுச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இங்கே அக்டோபரில் பூங்காவில் நடக்கும்போதெல்லாம் பால் வாளி மூடி திறக்கிற சத்தமும் சேர்ந்து கேட்கிற மாதிரி இருக்கும், என் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது.

---

மூலைவீட்டு அக்கா, பாடாங் செராய்

நவம்பர் 15. எப்படி ஆனது என்று சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

பன்னிரண்டு சட்டி வைத்தேன். இரண்டைப் பக்கத்து வீட்டுக் கோழி சீய்த்துத் தள்ளிவிட்டது, எருவின் கடனைக் கோழியே வசூல் செய்துகொண்டது போல. முதல் தவணையாக நாலு சட்டியைச் சொன்ன தேதியில் பின்னால் கொண்டுபோனேன். தீபாவளி அன்று மூன்றில் பூ விரிந்து நின்றது, ஒரு சட்டியில் எண்ணினேன், 31 பூ. நாலாவது இன்றுதான் திறக்கிறது, அது சலவை மிஷின் லைட் படுகிற மூலை. மஞ்சள் நன்றாக வந்திருக்கிறது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு ரோஜா நிறம், தம்பி சொன்ன அதே வெளுத்த புடவைதான்.

டிசம்பர் பூ சுங்கை பட்டாணியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வேலியிலேயே இருந்தது, கேட்டதும் ஒரு கட்டுக் குச்சி கொடுத்தார். ஒன்பதில் ஆறு பிடித்திருக்கிறது, ஒன்றில் மொட்டு. எட்டு மணிப் பூவும் வேலியோரம் நட்டிருக்கிறேன் ஐயா, ஞாயிற்றுக்கிழமைப் பூ என்று பெயர் வைத்தாயிற்று. தங்கச்சி வெறும் சாக்லேட்டோடு வந்து போனாள்.

வாசலில் தரையில் இருந்த அந்த நாலு செடியின் கதைதான் வேடிக்கை. செப்டம்பரில் தெருவிளக்கு எரியாமல் போனது. யாராவது புகார் கொடுத்துவிடப் போகிறார்களே என்று நான் வாயே திறக்கவில்லை. மூன்று வாரம் நல்ல இருட்டு, செடி முழுக்கக் குண்டூசித் தலை மாதிரி மொட்டு. அப்புறம் எதிர் வீட்டுக்காரர் போன் செய்து சரிசெய்துவிட்டார். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாராம், "ராத்திரி வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிற ரோடாச்சே" என்று, நான் நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அந்த மொட்டுகள் அப்படியே நிற்கின்றன, விரியவும் இல்லை, உதிரவும் இல்லை, மொட்டுக்கு அடியிலிருந்து புது இலை கிளம்புகிறது. ரிங்லெட் தம்பி, இதை வெட்டிவிடட்டுமா, இல்லை ராத்திரி ஏழு மணிக்கு மேலே ஓர் அரிசிச் சாக்கைப் போட்டு மூடிப் பார்க்கட்டுமா?

---

ரிங்லெட் தம்பி, கேமரன் மலை

சாக்கு போடுங்கள் அக்கா, ஆனால் வெளிச்சம் ஊடுருவாத கறுப்புப் பிளாஸ்டிக்காகப் பாருங்கள், அரிசிச் சாக்கு வெள்ளை, பத்தாது. செடியைத் தொடாமல் நாலு குச்சி நட்டு அதன் மேல் போடுங்கள். காலை ஏழரைக்கு மறக்காமல் எடுத்துவிட வேண்டும், வெயில் ஏறினால் உள்ளே வெந்துவிடும். இரண்டு செடிக்குப் போடுங்கள், இரண்டை வெட்டிக் குச்சி எடுத்து அடுத்த வருடத்துக்கு வையுங்கள். நீங்கள் ஏழு மணிக்கே வேலைக்குப் போகிறவர், எடுக்கிற வேலையை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். கண்ணூறு படாமல் மூடி வைத்தது என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தவறாது.